கொடிக்கயிறு யார் கையில்? மாணவர் தலைமைப் பயிற்சியும் தேசியக்கொடி மரியாதையும்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சுதந்திர தினத்தை ஒட்டி, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் தலைமைப் பண்பும் நாட்டுப்பற்றும் வளரும்படியான ஒரு திட்டத்தைத் தயாரித்துத் தருமாறு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டிருக்கிறார். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, மாறுவேடப் போட்டி என்று வழக்கமான பட்டியலை எழுதிக் கொடுத்திருந்தால் வேலை ஒரே மாலையில் முடிந்திருக்கும். அதற்கு முன் இந்தியக் கொடி நெறிமுறை 2002-ஐ முழுமையாகப் படித்துவிடலாம் என்று எடுத்தேன். கல்வி நிறுவனங்களுக்கென்று அதில் தரப்பட்டுள்ள மாதிரி வழிமுறையைப் படித்த பிறகு அந்தப் பட்டியலை எழுத மனம் வரவில்லை.

அந்த வழிமுறையின்படி மாணவர்கள் சதுரத்தின் மூன்று பக்கங்களில் நிற்க, நான்காம் பக்கத்தின் நடுவில் கொடிக்கம்பம் இருக்கும். ஒவ்வொரு வகுப்பின் மாணவர் தலைவரும் தம் வகுப்பின் முதல் வரிசைக்கு வலப்புறத்தில் நிற்பார். வகுப்பாசிரியருக்கு உரிய இடம் கடைசி வரிசைக்கும் மூன்று எட்டு பின்னால். வகுப்புத் தலைவர்கள் முன்வந்து பள்ளி மாணவர் தலைவருக்கு வணக்கம் செலுத்துவார்கள். எல்லா வகுப்புகளும் ஆயத்தமானதும் அவர் தலைமையாசிரியரிடம் சென்று வணக்கம் செலுத்துவார். அதன் பிறகே கொடி விரிக்கப்படும். அணியை நேராக நிற்கச் சொல்வதும், கொடி விரிந்ததும் வணக்கம் செலுத்தச் சொல்வதும் மாணவர் தலைவரின் பொறுப்பு. தொடர்ந்து நாட்டுப்பண், உறுதிமொழி எடுப்பதாக இருந்தால் அதற்குப் பின்.

எங்கள் பள்ளியில் நடப்பது வேறு. உடற்கல்வி ஆசிரியர் ஒலிபெருக்கியில் கட்டளையிடுகிறார். முன்கூட்டியே அலுவலக உதவியாளர் கட்டி மேலே ஏற்றி வைத்த கொடியின் கயிற்றைச் சிறப்பு விருந்தினர் இழுக்கிறார். மாணவர்கள் வெயிலில் நின்று உரைகளைக் கேட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நெறிமுறை மாணவனை முன்னாலும் ஆசிரியரைப் பின்னாலும் நிறுத்தியிருக்க, நாம் அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறோம்.

விழாவின் முழுப் பொறுப்பையும் மாணவர்களிடமே ஒப்படைக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது, “கொடி தலைகீழாக ஏறிவிட்டால் யார் பதில் சொல்வது?” என்ற ஒரே கேள்விதான் பல குரல்களில் வந்தது. இதில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். கொடி வணக்கத்தைக் கொண்டு தலைமைப் பண்பை உண்மையிலேயே கற்பிக்க முடியுமா, அல்லது அது வெறும் நம் விருப்பமா?

---

பழைய சாரணர்

அம்மா, வணக்கம். பணியில் இருந்த காலம் முழுவதும் சாரண ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கள் சக ஆசிரியர்களின் அச்சம் நியாயமானதே. கொடி தலைகீழாக ஏறினால் மறுநாள் செய்தித்தாளில் பள்ளியின் பெயர் வரும். ஆனால் பெரியவர்கள் கட்டினால் கொடி நேராக ஏறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தலைகீழாகப் பறந்த கொடிகள் அரசு அலுவலகங்களிலும் உண்டு, அவற்றைக் கட்டியவர்கள் மாணவர்கள் அல்லர். ஒத்திகை பார்த்தவன் கட்டினால் சரியாக ஏறும், அவ்வளவுதான்.

சாரணர் இயக்கத்தில் சேருகிறவன் முதலில் முடிக்க வேண்டிய பிரவேஷ் நிலையிலேயே கொடியைப் பற்றிய பாடம் இருக்கிறது. நீளமும் உயரமும் 3:2 என்ற விகிதம், சக்கரத்தில் 24 ஆரங்கள், 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது ஆகியவற்றைப் பையன்கள் ஒரே வாரத்தில் ஒப்பித்துவிடுவார்கள். அவர்களுக்குக் கடினமாக இருப்பது கைவேலை. கொடியைப் பையிலிருந்து எடுத்ததும் நான்கு ஓரங்களிலும் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காவிப் பக்கத்து நுனியில் உள்ள முடிச்சு மேலே போகும் கயிற்றோடும், பச்சைப் பக்கத்துக் கயிறு கீழே வரும் கயிற்றோடும் சேர வேண்டும். மலரிதழ்களை உள்ளே வைத்து மடிப்பதைச் சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாள்களில் நெறிமுறையே அனுமதிக்கிறது. ஆனால் ஈரமான ரோஜா இதழ்களை வைத்தால் துணியில் கறை படியும். மடித்த கொடியைச் சுற்றிப் போடும் சுருக்கு, ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். இறுக்கமாகப் போட்டால் சிறப்பு விருந்தினர் இழுத்துக்கொண்டே இருப்பார்; தளர்வாகப் போட்டால் பாதிக் கம்பத்திலேயே பூ கொட்டிவிடும். கம்பத்தின் உச்சியில் உள்ள கப்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் விட வேண்டும். பருத்திக் கயிறு மழையில் ஊறிப் பருத்துக் கப்பியில் சிக்கும் என்பதால் மாற்றுக் கயிறு தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒருவனே செய்தால் அவன் நல்ல வேலைக்காரனாக ஆவான், தலைவனாக ஆக மாட்டான். சாரணரில் 6 முதல் 8 பேர் கொண்ட அணி ஒன்று இருக்கும், அதற்கு அணித்தலைவன் ஒருவன் இருப்பான். கப்பி ஒருவனிடம், முடிச்சு ஒருவனிடம், மடிப்பு இருவரிடம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, தன் கையால் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் சரிபார்ப்பது அணித்தலைவனின் வேலை. புதிதாகப் பொறுப்பேற்கும் பையனுக்கு இதுவே மிகவும் சிரமமாக இருக்கும். அடுத்தவன் தப்பாக முடிச்சுப் போடுவதைப் பார்த்ததும் கயிற்றைப் பிடுங்கித் தானே போட்டுவிடத் துடிப்பான். அப்படிப் பிடுங்காமல் நின்று சொல்லிக் கொடுக்க எவன் பழகுகிறானோ அவனுக்கு அடுத்த பொறுப்பைக் கொடுக்கலாம். கொடியை வைத்துக் கற்பிக்க முடியுமா என்று கேட்டீர்கள். இந்த இடத்தில்தான் முடிகிறது. மேடைப் பேச்சில் நடந்து நான் பார்த்ததில்லை.

---

கேள்விக்கணை

சாரணர் ஐயாவின் பதிவு பயனுள்ளது. ஆனால் அவர் விவரித்திருப்பது கூட்டுவேலையை. அதைப் பள்ளி ஆண்டு விழாவின் பந்தியிலும் கற்றுக்கொள்ளலாமே? கொடி எதற்கு?

நாட்டுப்பற்றின் பெயரால் இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, ஒரே குரலில் ஒப்பிக்க வைத்து, அதற்குத் தலைமைப் பயிற்சி என்று பெயர் சூட்டுவது இன்று தொடங்கிய பழக்கம் அன்று. ஜெர்மனியில் 1936-இல் ஹிட்லர் இளைஞர் படை அரசின் இளைஞர் அமைப்பாகச் சட்டமாக்கப்பட்டு, 1939-இல் அதில் சேருவது கட்டாயமாக்கப்பட்டது. கொடிக்கும் அணிவகுப்புக்கும் முகாம் தீக்கும் அங்கே குறைவே இல்லை. அதில் உருவானவர்கள் கட்டளையை நிறைவேற்றத் தெரிந்தவர்கள். கட்டளை தவறானது என்று சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. நம் பள்ளிகளை அதனோடு ஒப்பிடவில்லை. கீழ்ப்படிதலைத் தலைமை என்று மயங்கும் ஆபத்து எங்கே போய் முடியக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. கேரளத்தில் 1985-இல் யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறந்த பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நாட்டுப்பண் இசைக்கப்படும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கையின் காரணமாகப் பாட மட்டும் இல்லை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதையும், நம் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் சகிப்பையே கற்பிக்கின்றன என்பதையும் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் எடுத்துரைத்தார். அந்தப் பள்ளியில் அன்று தனித்து நின்ற மூவரிடம் இருந்த துணிவுக்கு ஆசிரியையின் திட்டத்தில் எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

---

முன்னாள் கேடட்

கேள்விக்கணை அவர்களே, அணிவகுப்பைப் பற்றிய தங்கள் கருத்து வெளியிலிருந்து பார்ப்பவரின் கருத்தாகத் தோன்றுகிறது. தேசிய மாணவர் படையில் பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்து சி சான்றிதழ் வரை போனவன் நான். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. ஒற்றுமையும் ஒழுக்கமும் என்பதே அதன் குறிக்கோள். “சாவ்தான்” (நேராக நில்), “விஷ்ராம்” (இயல்பாக நில்) என்று முதல் நாள் கேட்டபோது கட்டளைக்கு உடம்பு அசைவதைத் தவிர அதில் வேறொன்றும் இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

கட்டளை கொடுக்கும் இடத்தில் என்னை நிறுத்திய பிறகுதான் விவரம் புரிந்தது. நடந்துகொண்டிருக்கும் அணியை நிறுத்த “தம்” என்று சொல்ல வேண்டும். எந்தக் கால் எங்கே இருக்கும்போது சொல்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. அரை நொடி தவறினால் முப்பது பேரின் கால்களும் தடுமாறும், அந்தத் தடுமாற்றம் முழுவதும் கட்டளையிட்டவனுடையது என்பது மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பின்னால் வருகிறவர்கள் தடுமாறினால் முன்னால் இருப்பவன்தான் பொறுப்பு என்பதை அந்த வயதில் எனக்கு வேறு எந்த வகுப்பும் கற்றுத் தரவில்லை. லான்ஸ் கார்ப்பரலிலிருந்து சீனியர் அண்டர் ஆபீசர் வரை ஒவ்வொரு பட்டை ஏறும்போதும் திட்டு வாங்கும் வாய்ப்பும் ஏறியது. பத்து நாள் முகாமில் சாப்பாட்டு வரிசையில் பட்டை அணிந்தவன் கடைசியில் நிற்க வேண்டும் என்று எங்கள் அலுவலர் வைத்திருந்த பழக்கம் எந்தப் புத்தகத்திலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை மீறியவனை மற்றவர்கள் பிறகு மதிக்கவே இல்லை.

சான்றிதழுக்காகவும் வேலைவாய்ப்பில் கிடைக்கும் சலுகைக்காகவும் சேருகிறவர்கள் நிறைய உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. சி சான்றிதழ் இருந்தால் ராணுவ அதிகாரிக்கான சிறப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத் தேர்வுக்குப் போகலாம் என்பதால் என்னோடு சேர்ந்தவர்களில் பலருக்கு அதுவே நோக்கமாக இருந்தது. அதனால் என்ன? சலுகைக்காக வந்தவனும் இரவுக் காவலுக்கு நின்றான்.

கொடி எதற்கு என்ற கேள்விக்கு என் விடை எளியது. பந்தியில் சாம்பார் சிந்தினால் துடைத்துவிடலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் வாய்ப்பே இல்லாமல், பிழையின்றிச் செய்தாக வேண்டிய காரியம் ஒன்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஆண்டுக்கு எத்தனை முறை ஒப்படைக்கப்படுகிறது?

---

சிவகாசி வாசகர்

இடையில் ஒரு சிறு விஷயம். விழா முடிந்ததும் மைதானத்தில் கிடக்கும், சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடிகளை யார் எடுக்கிறார்கள்? பொதுமக்கள் தேசிய விழாக்களில் காகிதக் கொடி பயன்படுத்தலாம் என்று நெறிமுறை சொல்கிறது. ஆனால் முடிந்ததும் தரையில் வீசாமல், கொடியின் மாண்புக்கு ஏற்ப, தனியிடத்தில் அகற்ற வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. பிளாஸ்டிக் கொடியை வாங்கவே கூடாது. கொடியேற்றும் பொறுப்புக்கு ஆயிரம் கைகள் நீளும். தரையில் மிதிபடும் கொடிகளைப் பொறுக்கும் பொறுப்பையும் திட்டத்தில் சேர்த்து, அதைப் பள்ளி மாணவர் தலைவருக்கே கொடுங்கள்.

---

வைகைக்கரை

மூவருக்கும் நான்காமவருக்கும் நன்றி. கேள்விக்கணை ஐயாவின் பதிவை மறுக்க முயன்று, பிறகு அதைத் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பதினோராம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் விவாதிக்கச் செய்வதாக இருக்கிறேன். தேசிய மாண்புகளை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தையும், அந்த மூன்று பிள்ளைகளின் நிலைப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பள்ளியின் பக்கம் நின்று ஒரு குழுவும் பிள்ளைகளின் பக்கம் நின்று ஒரு குழுவும் வாதாட வேண்டும். எரிப்பதும் கிழிப்பதும் மிதிப்பதும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றங்கள். மரியாதையாக நின்று பாடாதிருப்பது குற்றம் அன்று. இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாதவரிடம் மாணவர் தலைவர் பொறுப்பைக் கொடுத்தால், பாடாத பிள்ளையை அவர் மிரட்டத் தொடங்கிவிடுவார். அந்த அபாயத்தை நான் இதற்கு முன் எண்ணிப் பார்க்கவில்லை.

---

ஊராட்சிக் குரல்

அம்மா, திட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளி மாணவர் தலைவரை யார், எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடிக்கும் கை யாருடையது என்பதில்தான் நம் ஊர்களில் கொடி சிக்கிக்கொள்கிறது.

திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் 2020 ஆகஸ்ட் 15 அன்று, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரால் கொடியேற்ற முடியவில்லை. செய்தி வெளியான பிறகு, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அது ஓர் ஊரின் கதையாக மட்டும் இருந்திருந்தால், 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதி, ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு அறிவுறுத்த வேண்டிய தேவை வந்திருக்காது. கொடிக்கு வணக்கம் செலுத்தத் தவறாத கைகளே கயிற்றை மட்டும் அவரிடம் கொடுக்க மறுத்தன. கொடி மரியாதையை நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

மேல்மட்டத்திலும் கயிறு தானாகக் கை மாறவில்லை. மாநிலங்களில் சுதந்திர தினத்தன்றும் ஆளுநர்களே கொடியேற்றி வந்தார்கள். அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி வலியுறுத்திக் கேட்ட பிறகுதான், 1974 முதல் ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர்கள் கொடியேற்றுகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஏற்ற வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஆகவே தங்கள் பள்ளியிலும் ஆசிரியர்கள் பார்த்து நியமிப்பதை விட்டுவிட்டு வாக்கெடுப்பு நடத்துங்கள். மதிப்பெண், உயரம், குரல், நிறம், “நல்ல குடும்பம்” என்று நாம் வாய்விட்டுச் சொல்லாத அளவுகோல்கள் நியமனத்தில் எப்படி நுழையும் என்பது ஆசிரியர் அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

---

நேர்ப்பாதை

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த இழையில் சாதியையும் கட்சி அரசியலையும் இழுத்துவந்திருக்க வேண்டாம். கொடியின் கீழ் எல்லோரும் சமம் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்? பதினான்கு வயதில் இந்தப் பிளவுகளைப் போய் விளக்குவானேன்? வாக்கெடுப்பு வைத்தால் அந்தப் பிளவுகளே வாக்குகளாகவும் மாறும் என்பதை ஊராட்சிக் குரல் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

---

ஊராட்சிக் குரல்

விளக்கத் தேவையில்லை ஐயா. எந்தத் தெருவிலிருந்து வருகிறோம் என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். சில பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறமே அதைச் சொல்லிவிடுகிறது. வாக்கெடுப்பைப் பற்றித் தாங்கள் சொன்னதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரும்பான்மைத் தெருவின் பிள்ளையே ஒவ்வோர் ஆண்டும் வெல்லக்கூடும். அப்படியானால் சுழற்சி முறை வையுங்கள்.

---

கொங்குத் தறி

திருப்பூர்க்காரன் என்பதால் குமரனைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், எழுதவில்லை. 1904-இல் சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறிய ஊர்வலத்தில் தடியடிபட்டு, மறுநாள் இறந்தவர். கையிலிருந்த கொடியை விடவில்லை என்பது நம் எல்லோருக்கும் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரியும். அதற்கு முன்பே தேச பந்து இளைஞர் மன்றத்தை அமைத்து, தன் வயதொத்தவர்களைத் திரட்டி நடத்திக்கொண்டிருந்தவர் என்ற செய்தி ஒரு வரியில் போய்விடுகிறது. பிள்ளைகளுக்குக் கடைசி நாளை மட்டும் சொல்கிறோம், அதற்கு முந்தைய உழைப்பைச் சொல்வதில்லை. ஆகவே தலைவராக வேண்டுமானால் அடிபட்டுச் சாக வேண்டும் என்று அவர்கள் புரிந்துகொண்டாலும் வியப்பதற்கில்லை.

அதே 1932 ஜனவரியில், 26-ஆம் தேதி, ஆரியா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார். இருவருமே தங்கள் காலத்து அரசாங்கத்தை மீறிக் கொடி பிடித்தவர்கள். 1923-இல் நாகபுரியில் நடந்த கொடி சத்தியாகிரகமும் அப்படித்தான். கொடியோடு தெருவில் நடந்ததற்காகவே அன்று சிறைக்குப் போனார்கள். கேள்விக்கணை அவர்கள் கேட்ட, தனித்து நிற்கும் துணிவு கொடிக்கு எதிரே மட்டும் இல்லை, கொடியோடும் இருந்திருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடி கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னைக்குச் சுற்றுலா அழைத்துவரும் பள்ளிகள் கடற்கரையில் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை அங்கே செலவிடலாம்.

---

வைகைக்கரை

தலைமையாசிரியரிடம் கொடுக்கவிருக்கும் திட்டத்தைச் சுருக்கமாக இங்கே வைக்கிறேன். ஜூலை முதல் வாரத்திலிருந்து திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு வாரமும் ஒரு பிரிவுக்குப் போகும். அந்த வாரம் கொடி தொடர்பான எல்லா வேலையும் அந்தப் பிரிவின் எட்டுப் பேர் அணியுடையது. அணியின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். அணித்தலைவரை அந்த எட்டுப் பேரும் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். தெரு, மதிப்பெண், பாலினம் எதுவும் எட்டுப் பேரைத் தீர்மானிக்காது, தலைமையும் நியமனமாக இருக்காது என்பதால் ஊராட்சிக் குரல், நேர்ப்பாதை இருவரின் கவலைக்கும் இதில் ஓரளவு விடை இருப்பதாக நினைக்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று யாருடைய முறை வரும் என்பதும் குலுக்கலில்தான் தெரியும். சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுக்கட்டும். கொடியைக் கட்டுவதும், கட்டளையிடுவதும், தரையில் விழுந்த சட்டைக் கொடிகளைப் பொறுக்குவதும் மாணவர்களின் வேலை. உரைகளை இரண்டாகக் குறைத்து, அவற்றுள் ஒன்றை மாணவர் தருவார். உடற்கல்வி ஆசிரியர் முதலில் முகம் சுளித்தார். பயிற்சி கொடுக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையது என்று சொன்ன பிறகு அவரே ஒத்திகைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

---

கேள்விக்கணை

திட்டத்தை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையுடன். ஒவ்வொரு வாரமும் கூட்டம் முடிந்ததும், அந்த எட்டுப் பேரும் தங்கள் தலைவரின் குறைகளை அவர் முன்னிலையிலேயே சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டும். அதை ஆசிரியர் இல்லாமல் நடத்துங்கள். அது இல்லாவிட்டால் என் பழைய கருத்திலேயே இருப்பேன்.

---

பழைய சாரணர்

அணித்தலைவர்கள் கூடிக் குறைநிறைகளைப் பேசித் தீர்க்கும் வழக்கம் சாரணரில் தொடக்கத்திலிருந்தே உண்டு. கேள்விக்கணை அவர்களின் நிபந்தனை எங்களுக்குப் புதிது அன்று.

அம்மா, திட்டத்தில் காலை மட்டும்தான் இருக்கிறது. மாலையில் கொடியை யார் இறக்குவார்கள்? விரைவாக ஏற்ற வேண்டும், மெதுவாக, மரியாதையோடு இறக்க வேண்டும் என்பது நெறிமுறை. காலையில் மைதானம் நிறைந்திருக்கும். மாலையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், புகைப்படம் எடுக்கவும் ஆள் இருக்காது. என் அனுபவத்தில் மாலையில் வந்து நின்ற பிள்ளைகளின் பெயர்களை நான் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வேன்.

---

நேர்ப்பாதை

கொடி நெறிமுறையின் 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் திறந்த வெளியில் இரவும் பகலும் பறக்கவிடலாமே? இறக்கியே ஆக வேண்டுமா?

---

பழைய சாரணர்

பறக்கவிடலாம் என்று அனுமதி இருக்கிறது, கட்டாயம் இல்லை. ஆகஸ்டு இரவில் மழையும் காற்றும் வந்து துணி கிழிந்தால், கிழிந்த கொடியைப் பறக்கவிட்ட குறை பள்ளியைச் சேரும். அதன் பிறகு அந்தக் கொடியைத் தனியிடத்தில் முழுமையாக எரித்தோ வேறு மாண்புள்ள முறையிலோ அகற்றும் வேலையும் சேரும். விடுமுறை நாளில் இரவுக் காவலர் இல்லாத அரசுப் பள்ளிக்கு மாலையில் இறக்குவதே பாதுகாப்பு.

---

வைகைக்கரை

சேர்த்துவிட்டேன் ஐயா. எங்கள் பகுதியில் அன்று சூரியன் மறைய ஏறத்தாழ ஆறரை மணி ஆகும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கான பேருந்து அதற்கு முன்பே போய்விடும். ஆகவே மாலைப் பொறுப்பை உள்ளூரில் நடந்து வரக்கூடிய எட்டுப் பேரிடம் தனியாகக் கொடுத்து, அவர்களுக்கும் அதே குலுக்கல் முறையை வைக்கிறோம். பெண் பிள்ளைகள் இருந்தால் வீடு வரை உடன் செல்ல நானும் இன்னோர் ஆசிரியையும் இருப்போம். வாயில் சாவி, கொடிப் பை இரண்டையும் காலை அணியிடமிருந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறேன். முதல் திங்கட்கிழமை நடந்ததும் என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுகிறேன்.